சுவருக்கு அந்தப் பக்கம்

2023 ஜூன் மாதத்தில், கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பெயின் அகழாய்வில் வெளிப்பட்ட ஒரு சுவரோவியம் சில நாட்களுக்கு உலகம் முழுவதும் வலம்வந்தது. வெள்ளித் தட்டு ஒன்றில் ஒரு கோப்பை மது. அதன் அருகே தட்டையான வட்ட ரொட்டி. ரொட்டியின் மேல் மாதுளையோ பேரீச்சையோ என்று ஊகிக்கத்தக்க பழங்கள். தக்காளி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்துசேர அதன் பிறகு பதினான்கு நூற்றாண்டுகளுக்கும் மேலானது. ஆகவே இது பீட்சா அல்ல என்று ஆய்வாளர்கள் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திவிட்டார்கள். ஆயினும் ‘இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பீட்சா’ என்ற தலைப்போடுதான் அந்தப் படம் என் கைப்பேசிக்கும் வந்தது. அனுப்பியவர் வரலாற்றில் உண்மையான ஈடுபாடு கொண்ட நண்பர். படத்தின் கீழே, “பார்த்தீர்களா, அவர்களும் நம்மைப் போலவேதான் வாழ்ந்திருக்கிறார்கள்” என்று எழுதியிருந்தார். அந்த வாக்கியம் அன்று முதல் என்னை விடவில்லை.

அதில் உண்மை இல்லாமல் இல்லை. ரோமானியர்களின் அன்றாட வாழ்க்கையைப் படிக்கும் எவருக்கும் அந்த நெருக்கம் ஏற்படத்தான் செய்யும். பிரிட்டனின் வடக்கு எல்லையில், விண்டோலாண்டா என்ற ராணுவ முகாமில் கிடைத்த மெல்லிய மரப்பலகை ஒன்றில், ஏறத்தாழ கி.பி. 100-ஐ ஒட்டி, கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழியைப் பிறந்தநாள் விழாவுக்கு அழைக்கிறாள்; நீ வந்தால் அந்த நாள் எனக்கு இன்னும் இனிக்கும் என்று சொல்லி, உன்னை எதிர்பார்த்திருப்பேன் என்ற பொருள்படச் சொந்தக் கையால் சில வரிகளைச் சேர்க்கிறாள். குளியல் மண்டபத்துக்கு மேலே குடியிருந்த தத்துவவாதி செனகா, எடை தூக்குகிறவர்களின் முனகலும் தின்பண்டம் விற்கிறவர்களின் கூவலும் தன்னைப் படுத்தும் பாட்டைக் கடிதமாக எழுதுகிறார். பாம்பெய் நகரத்துச் சுவர் ஒன்றில், தேர்தலில் நிற்கும் ஒருவருக்கு வாக்குக் கேட்கிறவர்கள், ‘இவர் நல்ல ரொட்டி கொண்டுவருகிறார்’ என்று காரணம் சொல்கிறார்கள். இவற்றைப் படிக்கும்போது இடையிலுள்ள இரண்டாயிரம் ஆண்டுகள் கரைந்துவிடுகின்றன. அந்த இன்பத்தை நானும் பல ஆண்டுகளாக அனுபவித்து வந்திருக்கிறேன். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் நண்பரின் வாக்கியத்தில் இருக்கும் ‘அவர்கள்’ யார் என்பதுதான் கேள்வி.

திருகைக் கல்லும் கம்பி போட்ட சன்னலும்

அந்த ஓவியம் வெளிவந்து ஆறு மாதங்கள் கழித்து, 2023 டிசம்பரில், பாம்பெய் தொல்லியல் பூங்கா இன்னொரு செய்தியை வெளியிட்டது. நகரின் ஒன்பதாம் பகுதியில், அதே வீட்டின் மறுபாதியில், அடுமனை ஒன்று முழுமையாகத் துலங்கியிருந்தது. ஒரு பக்கம் நேர்த்தியான ஓவியங்கள் தீட்டிய வசிப்பறைகள். மறுபக்கம் அடிமைகள் மாவரைக்கவும் பிசையவும் சுடவும் ஆன இடம். வேலை நடந்த பகுதிக்கு வெளித்தெருவோடு தொடர்பு எதுவும் இல்லை. உள்ளே இருந்து வெளியேற ஒரே வழி வீட்டு உரிமையாளரின் முற்றம் வழியாகத்தான். வெளிச்சத்துக்கென்று இருந்தவை உயரத்தில் அமைந்த சிறிய சன்னல்கள். அவற்றிலும் இரும்புக் கம்பிகள். திருகைகளைச் சுற்றிக் கருங்கல் தளத்தில் அரைவட்டமாகக் குழிகள் வெட்டப்பட்டிருந்தன. கண் கட்டப்பட்ட விலங்குகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் தடம் மாறாது சுற்றிவருவதற்காக அவை வெட்டப்பட்டிருக்கலாம் என்கிறார்கள். எரிமலை வெடித்த கி.பி. 79-இல் அந்த வீட்டில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்தது. அப்படியிருந்தும் ஆட்கள் உள்ளே இருந்திருக்கிறார்கள் என்பதை, அடுமனையின் அறையில் கிடைத்த மூவரின் எலும்புகள் சொல்லுகின்றன.

ரோமானியத் திருகையின் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கீழே கூம்பு வடிவில் நிலையாக நிற்கும் எரிமலைக் கல். அதன் மேல் இடை சிறுத்த உடுக்கை போன்ற வடிவில் குடையப்பட்ட இன்னொரு கல். மேற்கல்லின் வாயில் கோதுமையைக் கொட்டி, அதன் இடுப்பில் செருகிய மரச்சட்டத்தைப் பிடித்துச் சுற்றினால், இரண்டு கற்களுக்கும் இடையே மாவாகிக் கீழே உதிரும். நம் ஊர்ச் செக்கைப் போலக் கழுதையோ கோவேறு கழுதையோ பூட்டி ஓட்டுவார்கள். விலங்குக்கு இடம் இல்லாத இடத்தில் மனிதர்கள் சுற்றுவார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டு எழுத்தாளர் அப்பூலியஸ், கழுதையாக மாறிவிட்ட ஒருவனின் கதையில், இப்படிப்பட்ட மாவரைக்கும் கூடத்தை வருணிக்கிறார்: சாட்டைத் தழும்புகளால் கோடு விழுந்த முதுகுகள், எழுத்துச் சூடு போட்ட நெற்றிகள், பாதி மழித்த தலைகள், கணுக்காலில் வளையங்கள், புகையால் வெந்து பார்வை மங்கிய கண்கள், உடம்பெல்லாம் மாவுத் தூள். கதைக்காகக் கூட்டியெழுதியது என்று அந்தப் பகுதியை ஒதுக்கிவிட முன்பெல்லாம் எளிதாக இருந்தது. கம்பி போட்ட அந்தச் சன்னலைக் கண்ட பிறகு அது அவ்வளவு எளிதல்ல.

கி.மு. 171-இல் தொடங்கிய மாசிடோனியப் போர் வரைக்கும் ரோம் நகரில் தொழில்முறை ரொட்டிக்காரர்களே இல்லை என்றும், வீட்டுப் பெண்களே ரொட்டி சுட்டார்கள் என்றும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் நிலைமை தலைகீழானது. முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் குடிமக்கள் அரசிடமிருந்து மாதந்தோறும் விலையில்லாக் கோதுமை பெற்றார்கள். ஒருவருக்கு ஐந்து மோடியஸ், அதாவது முப்பது கிலோவுக்குச் சற்று மேல். எகிப்திலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் கப்பல் கப்பலாக வந்த கோதுமை அது. தானியமாக வந்ததை யாரோ மாவாக்க வேண்டும். குறுகலான மாடிக் குடியிருப்புகளில் அடுப்பு மூட்ட இடமில்லாத மக்களுக்கு யாரோ சுட்டுத் தர வேண்டும். அரசின் கொடையைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த ‘யாரோ’வைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1862-இல் பாம்பெயின் வேறோர் அடுமனையில், மூடிய அடுப்புக்குள் 81 ரொட்டிகள் கரியாகிக் கிடந்தது எல்லா நூல்களிலும் இருக்கிறது. அவற்றை அடுப்பில் வைத்த கைகளைப் பற்றி நூல்களில் ஒரு வரி தேடுவது கடினம்.

ஒரு மனிதனுக்கு எவ்வளவு ரொட்டி

இத்தாலியின் மக்களில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை அடிமைகளாக இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களிடையே உள்ள மதிப்பீடு. இந்த எண் எனக்குப் பெரிதாக எதையும் உணர்த்தியதில்லை. உணர்த்தியது ரோமானிய அரசியல்வாதி மூத்த கேட்டோவின் வேளாண்மைக் கையேடு. திராட்சைத் தோட்டம், ஒலிவத் தோட்டம் இவற்றை எப்படி லாபகரமாக நடத்துவது என்று கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட அந்த நூலில், எருவுக்கும் எண்ணெய்க்கும் இடையில், மனிதர்களுக்கான படியளப்பும் வருகிறது. வயலில் உழைப்பவனுக்குக் குளிர்காலத்தில் மாதம் நான்கு மோடியஸ் கோதுமை, கோடையில் நாலரை. மேற்பார்வையாளனுக்கும் அவன் மனைவிக்கும் மேய்ப்பனுக்கும் மூன்று போதும். சங்கிலியில் பிணைக்கப்பட்டவர்களுக்குக் கோதுமை கிடையாது, ரொட்டியாகவே தர வேண்டும்: குளிர்காலத்தில் நாளுக்கு நான்கு ராத்தல், கொடிகளுக்கு மண் கொத்தத் தொடங்கியதும் ஐந்து, அத்திப்பழம் பழுத்ததும் மறுபடி நான்கு. அத்தி பழுத்தால் அதைத் தின்று வயிற்றை நிரப்பிக்கொள்வார்கள் அல்லவா? இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓர் அங்கியும் ஒரு மேலாடையும் தரலாம். ஆனால் புதியதைத் தரும்போது பழையதைத் தவறாமல் திரும்ப வாங்கி ஒட்டுப் போர்வை தைக்கப் பயன்படுத்த வேண்டும். தேவைக்கு மிஞ்சியதை விற்றுவிடு என்று சொல்லும் பட்டியலில் கிழட்டு மாடு, பழைய வண்டி, பழைய இரும்புக் கருவிகள் ஆகியவற்றோடு வயதான அடிமையும் நோயாளி அடிமையும் இருக்கிறார்கள்.

இந்த நூலில் கோபம் இல்லை, வெறுப்பும் இல்லை. அதனாலேயே அது என்னை இவ்வளவு பாதிக்கிறது. கேட்டோ கொடூரத்தை உபதேசிக்கவில்லை. வீட்டுக் கணக்கை ஒழுங்காக எழுதக் கற்றுக்கொடுக்கிறார். தமிழ் வாசகர்களாகிய நாம் ரோமைப் பெரும்பாலும் மிளகு வழியாகவும் பொற்காசு வழியாகவும் அறிகிறோம். யவனர் கொண்டுவந்த மதுவைச் சங்கப் புலவர் போற்றியதையும், அரிக்கமேட்டில் கிடைத்த மதுச்சாடிகளையும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அந்தச் சாடிகளுள் இத்தாலியின் காம்பானியாப் பகுதியிலிருந்து வந்தவையும் உண்டு. இத்தாலியப் பெருந்தோட்டங்களின் திராட்சையை மிதித்துப் பிழிந்தவர்களின் உணவும் உடையும் இப்படித்தான் அளக்கப்பட்டன என்பதையும் அந்தப் பெருமையோடு சேர்த்துத்தான் நாம் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாம்பெய்க்கு வடக்கே சிவிட்டா ஜூலியானா என்ற இடத்திலுள்ள மாளிகையில், 2021-இல் ஓர் அறை கண்டுபிடிக்கப்பட்டது. 16 சதுர மீட்டர் பரப்பு. மரமும் கயிறும் மக்கிப்போன இடத்தில் இறுகிய சாம்பலுக்குள் வெற்றிடம் இருக்கும். அதில் சுதையை ஊற்றி உருவத்தை மீட்பது 1863-இல் ஃபியோரெல்லி தொடங்கிவைத்த முறை. இறந்தவர்களின் உடல்களை மீட்டெடுத்த அந்த முறையால் இப்போது மூன்று கட்டில்களை மீட்டிருக்கிறார்கள். சீராக இழைக்கப்படாத மரச்சட்டம், குறுக்கே கயிற்று வலை, மெத்தை இல்லை. மூன்றில் ஒன்றின் நீளம் 1.40 மீட்டர்தான், ஒரு குழந்தை படுத்திருக்கலாம். கட்டில்களுக்கு அடியிலும் மூலையிலும் சாடிகள் அடுக்கப்பட்டிருந்தன; குதிரைச் சேணத்தின் பகுதிகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. மேலே ஒரு சிறு சன்னல். சுவரில் பூச்சு அலங்காரம் எதுவும் இல்லை. அந்த அறையின் ஒளிப்படத்தை நான் நெடுநேரம் பார்த்திருக்கிறேன். பொருட்களை வைக்கும் அறையில் மனிதர்களையும் வைத்திருக்கிறார்கள் என்பதை அந்த 1.40 மீட்டர் கட்டில் சொல்வது போல எந்த எண்ணிக்கையும் எனக்குச் சொன்னதில்லை.

நானூறு பேர்

கி.பி. 61-இல் ரோம் நகர ஆளுநர் பெடானியஸ் செகுண்டஸ் தன் வீட்டிலேயே தன் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டார். விலை பேசி ஒப்புக்கொண்ட விடுதலையை ஆளுநர் மறுத்தது காரணமாக இருக்கலாம், வேறொரு பொறாமையும் காரணமாக இருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். தலைவனை ஓர் அடிமை கொன்றால் அந்தக் கூரையின் கீழ் இருந்த அடிமைகள் அனைவரும் சாக வேண்டும் என்பது வழக்கம். அந்த வீட்டில் 400 பேர் இருந்தார்கள். பெண்கள், குழந்தைகள், எதுவும் அறியாதவர்கள் உட்பட. செனட் சபையில் சட்ட அறிஞர் காசியஸ் எழுந்து, அச்சம் ஒன்றுதான் இவர்களைக் கட்டுக்குள் வைக்கும், எந்தப் பெரிய தண்டனையிலும் சிலருக்கு அநீதி நேர்வதைத் தவிர்க்க முடியாது என்று வாதிட்டார். அவர் பக்கமே வென்றது. தெருவில் கல்லோடும் தீப்பந்தத்தோடும் திரண்ட ரோம் நகரத்து எளிய மக்கள் அந்தத் தண்டனையைத் தடுக்க முயன்றார்கள். அவர்களுள் எத்தனையோ பேரின் பெற்றோர் அடிமைகளாக இருந்தவர்கள். பேரரசன் நீரோ படைவீரர்களை வழிநெடுக நிறுத்தினான். நானூறு பேரும் அந்த வழியே கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள்.

அந்தக் காலத்து மனிதர்களுக்கு அடிமைமுறை இயல்பாகத் தோன்றியிருக்கும், நம் அளவுகோலால் அவர்களை அளக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் இந்தத் தெருக்கூட்டத்தைத்தான் காட்டுவேன். அந்தக் கூட்டம் இருபத்தோராம் நூற்றாண்டின் அளவுகோலைக் கையில் வைத்திருக்கவில்லை. விருந்து நடக்கும்போது சுற்றி நிற்கும் அடிமைகள் இருமினாலும் தும்மினாலும்கூட அடி விழுகிறது, இரவு முழுக்கப் பசியோடு ஊமையாக நிற்கிறார்கள் என்று எழுதிய செனகாவிடமும் அது இல்லை. செனகா தாமும் பெருஞ்செல்வர், பல அடிமைகளுக்கு உரிமையாளர். இருந்தும், தெரிந்துதான் நடந்தது என்பதற்கு அவருடைய எழுத்து சாட்சி.

ஓட்டில் பதிந்த கால்கள்

இவற்றையெல்லாம் நண்பருக்கு எழுத வேண்டும் என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் பியெட்ராபொண்டாண்டே ஓட்டைப் பற்றிப் படித்தேன். இத்தாலியின் நடுவே மலைப்பகுதியில், ரோமானியர்கள் வென்றடக்கிய சாம்னைட் மக்களின் கோயில் வளாகம் இருந்த ஊர் அது. கி.மு. 100-ஐ ஒட்டி, அந்த வளாகத்தின் கூரைக்காக ஓடுகள் செய்து ஈரத்தோடு காயப்போட்டிருக்கிறார்கள். அவற்றுள் பெரிய ஓடு ஒன்றின் மேல் இரண்டு பெண்கள் காலணியோடு ஏறி நின்றிருக்கிறார்கள். இருவரின் தடங்களும் ஆழமாகப் பதிந்திருக்கின்றன. பக்கத்தில் ஈரமண்ணில் கீறிய எழுத்துகள். ஒன்று அந்த மண்ணின் ஆஸ்கன் மொழியில்: ஹெரன்னியஸ் சாட்டியஸின் டெட்ஃப்ரி தன் காலடியால் முத்திரையிட்டாள். மற்றொன்று, வெற்றி பெற்றவர்களின் லத்தீன் மொழியில்: நாங்கள் ஓடு பரப்பிக்கொண்டிருந்தபோது ஹெரன்னியஸின் அமிகா முத்திரையிட்டாள். ஒரே உரிமையாளரின் இரண்டு அடிமைப் பெண்கள்.

அதுவரை நான் படித்தவையெல்லாம் அடிமைகளுக்குச் செய்யப்பட்டவை: அளந்து போட்ட கோதுமை, திரும்ப வாங்கிய அங்கி, இருமலுக்கு அடி, நானூறு பேரின் சாவு. எல்லாவற்றையும் எழுதியவர்கள் உரிமையாளர்கள். இந்த ஓடு டெட்ஃப்ரியும் அமிகாவும் தாங்களாகச் செய்தது. வேலை நேரத்தில், நல்ல ஓடு ஒன்றைக் கெடுக்கும் துணிச்சலோடு, ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தபடிதான் அதைச் செய்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. தடம் பதிந்த ஓட்டை யாரும் உடைத்துப் போடவில்லை. அது சூளைக்குப் போய் வெந்து வந்திருக்கிறது. இங்கே நண்பரின் வாக்கியம் எனக்கு வேறு விதமாகப் பொருள்பட்டது. விருந்து ஓவியத்தைத் தீட்டச் சொன்னவனைக் காட்டிலும், ஈர ஓட்டில் ஏறி நின்ற இந்த இருவரிடம்தான் அந்த ‘நம்மைப் போல’ என்பதை நான் உணர்கிறேன். அதே நேரத்தில், விளையாட்டாகப் பதித்த காலடியின் பக்கத்தில்கூட ஹெரன்னியஸின் பெயரைச் சொல்லாமல் தங்கள் பெயரைச் சொல்ல அவர்களால் முடியவில்லை என்பதையும் உணர்கிறேன். பாம்பெயோடு அதே எரிமலையால் புதைந்த ஹெர்குலேனியத்தில் கரியாகிக் கிடைத்த ஒரு ரொட்டியிலும் இதே நிலைதான். எட்டுத் துண்டாகப் பிட்க வசதியாகக் கீறிய வட்ட ரொட்டியின் மேல் முத்திரை இருக்கிறது: குவிண்டஸ் கிரானியஸ் வேரஸின் அடிமையான செலருடையது. தனியொருவன் பெயரைத் தாங்கி இரண்டாயிரம் ஆண்டு நின்ற அந்த ரொட்டியிலும் அவனை உடைமையாகக் கொண்டவனின் பெயர் கூடவே நிற்கிறது.

ரோமானியர்கள் அடிமைகளை விடுவித்தார்களே, விடுவிக்கப்பட்டவர்கள் குடியுரிமை பெற்றார்களே, அவர்களின் பிள்ளைகள் பதவிக்கு வந்தார்களே என்ற வாதம் பொய்யல்ல. விடுதலைக்கு ஐந்து விழுக்காடு வரி வசூலிக்கும் அளவுக்கு அது வாடிக்கையாக நடந்தது. ஆனால் அந்தக் கதவு யாருக்குத் திறந்தது என்று பார்க்க வேண்டும். நகரத்து வீட்டில் கணக்கெழுதியவனுக்கும், எசமானியின் கூந்தலை அலங்கரித்தவளுக்கும் அது எட்டும் தூரத்தில் இருந்தது. திருகையைச் சுற்றியவனுக்கும் சங்கிலியோடு கொடிக்கு மண் கொத்தியவனுக்கும் இல்லை. சிவிட்டா ஜூலியானாவில் 2023-இல் திறக்கப்பட்ட இன்னொரு அறையில் இரண்டு கட்டில்கள் இருந்தன: ஒன்று பழைய கயிற்றுக் கட்டில், மற்றொன்று சாய்வுப் பலகையும் சிவப்பு வண்ணத்தின் சாயலும் கொண்ட, சற்று விலை கூடிய கட்டில். ஒரே அறைக்குள் ஒருவனுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து மற்றவனை அடக்குவது பழைய உத்தி. விடுதலை என்ற நம்பிக்கையும் அந்த உத்தியின் நீட்சியாகவே பெரும்பாலும் செயல்பட்டது என்பது என் முடிவு.

அந்தக் கதவைக் கடந்துவந்தவன் என்று பலரும் கருதும் ஒருவனின் கல்லறை ரோமில் போர்ட்டா மஜ்ஜோரே வாயிலுக்கு வெளியே இன்றும் நிற்கிறது. மார்க்கஸ் வெர்ஜீலியஸ் யூரிசேசஸ், ரொட்டித் தொழிலதிபர், அரசு ஒப்பந்தக்காரர். காலம் ஏறத்தாழ கி.மு. 30. மாவு பிசையும் கலன்களை ஒத்த வட்டத் துளைகளால் அமைத்த அந்த விசித்திரமான கட்டடத்தின் உச்சியில், ரொட்டித் தொழில் முழுவதும் புடைப்புச் சிற்பமாக ஓடுகிறது: கோதுமை வருகிறது, கழுதைகள் திருகையைச் சுற்றுகின்றன, மாவு சலிக்கப்படுகிறது, நீண்ட மேசையில் கைகள் உருட்டுகின்றன, அடுப்பில் ரொட்டி செருகப்படுகிறது, பெரிய தராசில் கூடைகள் நிறுக்கப்படுகின்றன. குடிமக்களுக்குரிய டோகா என்ற நீண்ட மேலாடை அணிந்தவர்கள் நின்று கவனிக்கிறார்கள், குட்டை அங்கி அணிந்தவர்கள் குனிந்து உழைக்கிறார்கள். உழைப்பை இவ்வளவு மதிப்போடு கல்லில் காட்டிய இன்னொரு ரோமானிய நினைவுச்சின்னம் எனக்குத் தெரியாது. அதற்காக யூரிசேசஸை நான் மதிக்கிறேன். தன் பெயரை ஒன்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் செதுக்கச் செய்தான். மனைவி அட்டிஸ்டியாவுக்கு, அவளுடைய எச்சங்கள் இந்த ரொட்டிக் கூடையில் இருக்கின்றன என்று அன்போடு எழுதிவைத்தான். அந்த நீண்ட மேசையில் மாவு உருட்டுகிறவர்களுள் சிலரையாவது அவனே சந்தையில் விலைகொடுத்து வாங்கியிருப்பான்.